வாசலுக்கு வந்த சாமானும் வாசலை விட்டுப் போன சைக்கிளும்

கனகபுரம்,
கிளிநொச்சி.
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

கந்தசுவாமியார் துணை.

ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் பெருக வேண்டிய மகள் தயாளினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நாய் வீமன், கிணற்று மோட்டர் ஆகிய நால்வரும் நலம். மோட்டர் மட்டும் இடைக்கிடை இருமுகிறது. அங்கே கனடாவில் நீயும் மருமகன் செந்தூரனும் பேத்தி தேனுகாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கந்தசுவாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது. வட்ஸ்அப்பில் நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ பாதியில் மறிப்பாய், மீதிப் பாதியில் உன் அம்மா மறிப்பா. கடிதத்தை எவரும் மறிக்க முடியாது. முந்தநாள் நீ போனில் அழுதாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெரிய கொம்பனிக் கடை, "உங்கள் பெற்றோரின் முகவரிக்கு இனி எமது வீட்டு விநியோகம் இல்லை" என்று உனக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டதாம். கடிநாய் இருக்கிற வீட்டுக்கும் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற கொம்பனி எங்கள் வீட்டுக்கு மட்டும் மாட்டேன் என்கிறதென்றால் அப்பா என்ன அநியாயம் செய்தார் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் சைக்கிள் விஷயம். புகையிரதக் கடவையில் நான் சைக்கிளால் விழுந்தேன் என்று உனக்கு அறிவித்தது அம்மா. விழுந்தது சைக்கிள். நான் அதிலிருந்து இறங்கினேன், கொஞ்சம் அவசரமாக இறங்கினேன், அவ்வளவுதான். முழங்காலில் போன தோல் திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் நீ உடனே தீர்ப்பு எழுதிவிட்டாய். அப்பா இனிமேல் சைக்கிளில் கடைக்குப் போகக்கூடாது. ஊரிலுள்ள சூப்பர் மாக்கெற்றுகளை விலை, புதுசு, வசதி, பொயின்ற்ஸ் என்று நாலு விதத்திலும் ஒப்பிட்டு நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ அங்கிருந்தே ஓடர் போடுவாய், சாமான் வாசலுக்கு வரும். அது சரிவராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் சித்தி இருக்கிற மாடிக்குப் போய்விட வேண்டும். லிஃப்ற் இருக்கிறது, யன்னலால் கடல் தெரியும் என்று ஆசையும் காட்டினாய். பிள்ளை, யன்னலால் கடல் தெரியும், சரி. கடலோடு நான் என்ன கதைக்கிறது? அந்த மாடிக்குப் போக எனக்குத் துளியும் மனமில்லை, அதை உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். அதனால்தான் நீ சொன்னபடியே ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கப் புறப்பட்டேன், அதுவும் ஓட்டோவில்.

விலையில் தொடங்குகிறேன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து தலை நரைத்தவன் நான். ஒரு கடையின் வாசலில் நிற்கும்போதே எனக்கு அதன் நாடி பிடிபட்டுவிடும். ஏ நைன் றோட்டில் இருக்கிற கொம்பனிக் கடைக்குள் கால் வைத்தேன். மார்கழி மாதத்துக் குளிர். வெளிச்சமோ கலியாண வீடு தோற்றுப்போகும். விலைகளைப் பார்த்தால் எல்லாம் ஒரு ரூபா குறைத்து எழுதியிருக்கிறார்கள், அந்த ஒரு ரூபாவை மிச்சம் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். சரி, அதை விடு. பால்மா அடுக்கியிருந்த தட்டைப் பார்த்ததும் எனக்குக் கை துருதுருத்தது. புதிதாக வந்ததை முன்னுக்கும் பழையதைப் பின்னுக்கும் வைத்திருக்கிறார்கள்! பழையது முன்னுக்கு வர வேண்டும் என்பது சங்கக்கடையில் அரிச்சுவடி. நான் ஒன்று இரண்டைத்தான் மாற்றினேன். பிறகு பார்த்தால் அந்தத் தட்டு முழுவதும் முடித்து அடுத்த தட்டில் விசுக்கோத்துப் பெட்டிகளை நேராக்கிக்கொண்டு நிற்கிறேன். ஒரு அம்மா வந்து, "ஐயா, தேயிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டா. காட்டினேன். இன்னொருவர் உப்புக் கேட்டார். அதையும் காட்டினேன். வாசலில் நின்ற காவல்காரர் கிட்ட வந்து பணிவாக, "சேர், ஹெட் ஒஃபிசிலயிருந்தோ?" என்றார். "இல்லைத் தம்பி, சங்கக்கடை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வயது அப்படி. அடுத்த முறை உன் அம்மாவையும் கூட்டிப்போனேன், அது என் பிழை. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று எழுதியிருப்பதைக் கண்டால் அவாவுக்குச் சன்னதம் வந்துவிடும். இப்போது எங்கள் அலுமாரிக்குள் மலசலகூடம் கழுவுகிற திரவம் அடுத்த வருடக் கந்தசஷ்டி வரைக்கும் காணும். ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாமென்றால் வாங்குகிறவருக்குக் கோபம் வரும்.

இரண்டாவது கடை, வவுனியாக்காரர் ஒருவர் புதிதாகத் திறந்த மங்கை மார்ட். விலை கொஞ்சம் குறைவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே சாமான்களின் இடத்தைக் கிழமைக்குக் கிழமை மாற்றுகிறார்கள். போன கிழமை பருப்பு இருந்த இடத்தில் இந்தக் கிழமை பிளாஸ்ரிக் பூ இருக்கிறது. ஏனென்று கேட்டால், "அப்பத்தான் ஐயா எல்லாத்தையும் சுத்திப் பாப்பீங்கள்" என்று அங்கே வேலை செய்கிற பிள்ளை சிரிக்கிறாள். இடப்பெயர்வு போதும் போதுமென்று பட்டவர்கள் நாங்கள், பருப்புக்குமா அந்த விதி?

மூன்றாவது கடை, தில்லை சூப்பர். பெயரைக் கண்டு பயப்படாதே. என்னுடைய சங்கக்கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்த அதே தில்லைநாதன்தான். பலசரக்குக் கடை வைத்திருந்தவன், சூப்பர் மாக்கெற்றுகள் வந்ததும் விடக்கூடாதென்று தானும் சூப்பராகிவிட்டான். மரப்பலகை போய்க் கண்ணாடி வந்திருக்கிறது. வாசலில் கூடைகள் அடுக்கியிருக்கிறான். நீ கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் அவனும் பின்னாலேயே வந்து, "ஐயா, அதை விடுங்கோ, அது சரியில்லை, நான் நல்லதாப் பாத்து எடுத்துத் தாறன்" என்று கூடையைப் பறித்துக்கொள்வான். தன் கடைச் சாமானைத் தானே பழுது சொல்கிற முதலாளியை நீ வேறெங்கும் காணமாட்டாய். விலை மற்ற இரண்டையும் விடச் சற்றே கூட. அதற்குக் காரணம் கேட்டால், "கதைக்கிறதுக்கும் சேத்துத்தான் ஐயா" என்பான்.

அடுத்தது புதுசு. நீ சின்னதில் என்னோடு சந்தைக்கு வந்திருக்கிறாய், வெண்டிக்காய் வாங்குகிற முறை உனக்குத் தெரியும். நுனியை முறித்துப் பார்க்க வேண்டும். முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கொம்பனிக் கடையில் நான் நாலைந்து முறித்ததும் ஒரு பிள்ளை ஓடிவந்தாள். "ஐயா, முறிச்சால் எடுக்கோணும்." "எடுக்கிறதுக்குத்தானே பிள்ளை முறிக்கிறன்." "முறிஞ்சதை எடுக்கோணும் ஐயா." "இது முறியேல்லையே, வளையுதல்லோ. இதை ஏன் நான் எடுக்க?" அவள் நான் முறித்த காய்களை எண்ணிவிட்டு மற்றப் பக்கம் போய்விட்டாள். மங்கை மார்ட்டில் இந்த வழக்கே வராது. அங்கே வெண்டிக்காயைப் பொலித்தீனால் வரிந்து கட்டி வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. கத்தரிக்காயின் கதை இன்னும் மோசம். வட்டக்கச்சியில் பிடுங்கி, லொறியில் தம்புள்ளைக்குப் போய், அங்கே ஏலத்தில் விலைப்பட்டு, திரும்பவும் லொறியேறிக் கிளிநொச்சிக்கே வருகிறதாம். போகும்போது மினுங்கிக்கொண்டு போகிறது, வரும்போது பிளேன் களைப்போடு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற உங்களைப் போலத்தான், முகத்தைப் பார்த்தால் ஊர்க்காய் என்று சொல்லலாம், ஆனால் பழைய உருசி இல்லை. கோபிக்காதே, பகிடிக்கு எழுதினேன்.

இனிப் பொயின்ற்ஸ். கொம்பனிக் கடையில் காசு கொடுக்கப் போனால் அங்கே இருக்கிற பிள்ளை, "நம்பர் சொல்லுங்கோ ஐயா" என்றாள். நான் பழக்கதோஷத்தில் சங்கத்து அங்கத்துவ இலக்கத்தைச் சொல்லிவிட்டேன். கம்பியூட்டர் ஏற்கவில்லை. போன் நம்பராம். அதைச் சொன்ன நாளிலிருந்து நான் எது வாங்கினாலும் போன் கிணுங்கென்று அடித்து, "நன்றி திரு. சிற்றம்பலம்" என்கிறது. உன் அம்மாவைக் கலியாணம் செய்து இவ்வளவு காலத்தில் அவா ஒருதரம் சொல்லாத நன்றியை, ஒரு பக்கெற் தீப்பெட்டிக்குக் கொம்பனி சொல்கிறது. அதற்காக எனக்கு அந்தக் கடையில் கொஞ்சம் விருப்பம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை எங்களுக்குப் புதினம் போலக் காட்டக்கூடாது, பிள்ளை. சங்கத்தில் வருட முடிவில் அங்கத்தவர்களுக்கு இலாபத்தில் பங்கு கொடுத்தோமே, அது என்ன? எங்கள் சனம் பொயின்ற்ஸை அப்போதே கண்டுவிட்டது. பங்கை எடுக்க வருகிற அன்று எல்லாரும் வெள்ளை வேட்டியோடு வருவார்கள். நீ சீனிச் சாக்கின் மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்வாய். சாக்கின் மூலையில் ஒரு துவாரம், அதில் உன் விரல். எறும்பு என்று நான் கணக்கில் எழுதினேன். அந்தக் கடையின் மணம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாக்கு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், கருவாடு எல்லாம் சேர்ந்த மணம். கொம்பனிக் கடையில் ஒரு மணமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அது கடையா ஆசுப்பத்திரியா என்று தெரியாது.

இப்போது வசதி. உன்னுடைய முக்கியமான விஷயம், கொம்பனி எங்களை விலக்கி வைத்த விஷயம் இங்கேதான் வருகிறது.

நான் ஒப்பிட்டு முடிக்கிறதுக்குள் நீ அவசரப்பட்டுக் கொம்பனிக்கு முதல் ஓடர் போட்ட அன்று, அவர்களின் ஓட்டோ வந்து படலை வாசலில் நின்றது. சாமானைக் கொண்டுவந்தவர் நாற்பதை எட்டிப் பிடிக்கிற ஒரு மனுசன், நெற்றியில் வியர்வை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். வெயிலுக்குள் வந்தவரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் என்றைக்கு இருந்தது? அம்மா குசினிக்குள்ளிருந்து, "தம்பி, இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்று குரல் கொடுத்தா. நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர், "இல்லை ஐயா, நேரமில்லை" என்றார். "நேரமில்லாமல் எங்கை போறீர், இரும்" என்றேன். இருந்தார். அன்று தேத்தண்ணீரோடு முடிந்தது. அடுத்த கிழமை அம்மா அவர் வருகிற நாளென்று வடை சுட்டு வைத்திருந்தா. அதற்கடுத்த கிழமை மத்தியானம் வந்ததால் சோறு. கொம்பனி ஒரு வீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறதாம், எங்களுக்கு எப்படித் தெரியும்? அவரும் மரியாதையில் சொல்லவில்லை. சோற்றுக்கு முன்னாலிருந்த மனுசனை எழும்பு என்று சொல்கிற கணக்கை எங்கள் சங்கம் கேள்விப்பட்டதில்லை.

அந்தச் சோற்றின்போதுதான் கேட்டேன், அதுவரை கேட்காமல் விட்டது என் மறதி. "நீர் எந்த ஊர்?" "நாயாறு ஐயா." "நாயாற்றில ஆற்றை மோன்?" என்று தகப்பன் பெயரைக் கேட்டேன். "மரியநாயகத்தின்ரை. என்ரை பேர் டிலக்ஸன்."

பிள்ளை, நான் அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தேன். மரியநாயகத்தை உனக்குத் தெரியாது, நீ அதற்கு முன்பே கலியாணம் செய்து போய்விட்டாய். கடைசி யுத்தத்தில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடிய காலத்தில் சங்கத்துச் சாமானை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு நானும் தில்லைநாதனும் உடையார்கட்டில் ஒரு தறப்பாளின் கீழே கடை போட்டோம். கொஞ்ச நாளில் மா முடிந்தது, பிறகு பருப்பு, பிறகு உப்பும் முடிந்தது. மிஞ்சியது தராசும் நாங்களும். ஆனாலும் நான் ஒவ்வொரு நாளும் காலையில் தறப்பாளைத் தூக்கிக் கட்டிக் கடையைத் திறந்தேன். ஒன்றுமில்லாத கடைக்குச் சனம் வந்து வரிசையில் நின்றது. வாங்குவதற்கல்ல. யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க. நேற்று வந்தவர் இன்று வராவிட்டால், "ஏன் காணேல்லை?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் தேடிப் போவார். மரியநாயகம் கடற்கரையிலிருந்து கருவாட்டை உரப்பையில் கட்டிக்கொண்டு வருவார். "மனேச்சர் ஐயா, தராசு சும்மா இருந்தால் கறள் பிடிக்கும்" என்று சொல்லி, அது துருப்பிடிக்காமல் எங்களுக்கு நிறுக்க ஒரு சாமான் தருவார். பிறகு ஒரு நாள் அவரைக் காணவில்லை. தேடிப் போக வழியில்லை. அதன்பிறகு எங்கள் கடையும் இல்லை. அவர் இல்லையென்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்த நாட்களில் அம்மா அவர் பெயரைச் சொல்லுவா, நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பேன்.

நான் டிலக்ஸனிடம் கேட்கப் பயந்து கொண்டு இருந்தேன். அம்மாதான் கேட்டா. "தம்பி, அப்பா...?" "இருக்கிறார் அம்மா. காதுதான் மந்தம்."

உடனே அவருடைய போனிலேயே எடுத்துத் தந்தார். அந்தப் பக்கம் மரியநாயகம். நான், "சிற்றம்பலம் கதைக்கிறன்" என்றேன். அவர், "சிலிண்டர் வேண்டாம், காஸ் கிடக்குது" என்று வைத்துவிட்டார். திரும்ப எடுத்தோம். நான் கத்தினேன். வீமன் குரைத்தது. மகன் வாங்கிக் கத்தினார். அம்மா வாங்கிக் கத்தினா. கடைசியில் நான், "தராசு சும்மா இருந்தால் கறள் பிடிக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பக்கம் கதிரை ஒன்று தள்ளுப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு, "மனேச்சர் ஐயா!" என்று ஒரு குரல் வந்தது பார், நான் கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதேன், பிள்ளை. வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு இருவரும் கதைத்தோம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யாருடைய பிள்ளை எந்த நாட்டில் என்று ஒவ்வொருவராகக் கதைத்தோம். செவிடரோடு கதைக்கிறபடியால் எல்லாவற்றையும் இரண்டுதரம் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் நேரமும் இரண்டு மடங்கு.

இதற்கிடையில் படலையில் நின்ற ஓட்டோவுக்குள் ஊராரின் சாமான் இருந்ததை நாங்கள் மறந்துபோனோம். டிலக்ஸனின் போன் என் காதில் இருந்தபடியால் அவர்கள் எடுத்த அழைப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்கு எடுத்துத் திட்டியிருக்கிறார்கள். கடையில் ஓட்டோ எங்கே நிற்கிறதென்று திரையில் தெரியுமாம். "கனகபுரத்தில் சிற்றம்பலம் மனேச்சர் வீட்டடியில் அசையாமல் நிற்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒவ்வொருவராக எங்கள் படலைக்கு வரத் தொடங்கினார்கள். சண்டைக்கு வந்தவர்களை அம்மா தேத்தண்ணீர் கொடுத்து இருத்தினா. முற்றத்தில் கூட்டமாகிவிட்டது. ஒருவர் பையை ஒருவர் தூக்கிவிடுவார்கள் போலிருந்தது. நான் பார்த்தேன். மேசையை எடுத்து மாமரத்தின் கீழே போட்டேன், மூக்குக் கண்ணாடியைப் போட்டேன், பில்லுகளை வாங்கினேன். "வரிசையில வாங்கோ! பிள்ளைத்தாய்ச்சி முன்னுக்கு வரட்டும்! பேர் சொல்லாமல் பையில ஒருத்தரும் கை வைக்கப்படாது!" ஒரு அம்மா சிரித்துக்கொண்டு, "மனேச்சர் இன்னும் உறுக்குறதை விடேல்லை" என்றா. எங்கள் சங்கத்து வைத்தியலிங்கம் வளவுக்காரர் வந்திருந்தார், ஒரே ஊருக்குள் இருந்தும் அவரைக் கண்டு கனகாலம். பழைய அங்கத்தவர்கள் சாமானை வாங்கிய பிறகும் போகவில்லை. மாமரத்தின் கீழே கதை, சிரிப்பு, வடைச் சட்டி காலி. சங்கக்கடை ஒரு பின்னேரம் திரும்பவும் திறந்தது என்றுதான் நான் சொல்லுவேன். ஒரேயொரு குறை, பிறந்தநாள் வீட்டுக்குப் போக வேண்டிய ஐஸ்கிறீம் உருகிப் பாயாசமாகிவிட்டது. அம்மா அதை வீணாக்கக்கூடாதென்று கோப்பைகளில் ஊற்றி வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டா, அந்தப் பிறந்தநாள்காரரும் அதில் ஒரு கோப்பை குடித்தார், குடித்த பிறகுதான் அது தன்னுடையதென்று தெரிந்து கொம்பனிக்கு முறைப்பாடு எழுதினார். இதுதான் நடந்தது. நான் ஒரு அநியாயமும் செய்யவில்லை. கொம்பனியிலும் பிழையில்லை, அவர்களுடைய கணக்கில் தேத்தண்ணீருக்கு இடமில்லை, எங்களுடைய கணக்கில் நிமிடத்துக்கு இடமில்லை. டிலக்ஸனுக்கு வேலை போகவில்லை, புளியங்குளம் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்காக நான் கொம்பனி மனேச்சரிடம் போய்க் கதைத்தேன். தட்டில் பால்மா அடுக்குகிற முறையையும் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.

இனி முடிவு. நீ கவலைப்படாமல் நித்திரை கொள்ளும்படியான முடிவு எடுத்திருக்கிறேன். நான் விழுந்து வீட்டில் கிடந்த நாட்களில் கொம்பனி எனக்குப் பொயின்ற்ஸ் முடியப் போகிறது என்று செய்தி அனுப்பியது. மங்கை மார்ட் ஒன்றும் அனுப்பவில்லை. தில்லைநாதன் கடையைப் பூட்டிவிட்டுத் தோடம்பழத்தோடு வந்து கட்டிலடியில் இருந்து, "ஏன் ஐயா காணேல்லை?" என்றான். உடையார்கட்டில் கேட்ட அதே கேள்வி. விலையும் புதுசும் எப்படியும் போகட்டும், பிள்ளை, அந்தக் கேள்விக்கு எந்தக் கடையிலும் ஈடில்லை. ஆகவே தில்லை சூப்பரையே தெரிந்தெடுத்திருக்கிறேன். அவனும் இந்த மாதம் முதல் வீட்டு விநியோகம் தொடங்கிவிட்டான். நீ அங்கிருந்து தில்லைநாதனின் வட்ஸ்அப்புக்கு எழுதினால் போதும், சாமான் வாசலுக்கு வரும். அதற்கென்று ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறான். வயது வந்தவர், நிதானமானவர், ஊரில் வீடு வீடாக ஆட்களைத் தெரிந்தவர், வெண்டிக்காய் முறித்துப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர். அப்படியொருவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். உனக்கு மிகவும் சந்தோஷமான செய்தி ஒன்று: சைக்கிள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அதைத் தில்லைநாதனின் கடைக்கே கொடுத்துவிட்டேன். கொட்டிலில் அது நின்ற இடத்தில் வீமன் படுத்திருக்கிறது, வேண்டுமானால் அம்மாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல். நான் கடைக்குச் சாமான் வாங்கச் சைக்கிளில் போவதில்லையென்று கந்தசுவாமியார் மேல் ஆணையாக எழுதுகிறேன். ஆதலால் வெள்ளவத்தை மாடிக்காரருக்கு நீ வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு.

மருமகனுக்கு என் அன்பு. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் கொஞ்சியதாகச் சொல்லு. வெட்டிய வேப்பமரம் துளிர்க்கிற மாதிரி உங்கள் குடி தழைத்து, நீங்கள் வருடத்துக்கு ஒருதரமாவது இந்தப் படலையைத் திறந்துகொண்டு வர வேண்டுமென்று வாழ்த்துகிறேன்.

உன் நன்மையையே என்றும் நினைக்கிற,
அப்பா
வே. சிற்றம்பலம்
(ஓய்வுபெற்ற சங்கக்கடை மனேச்சர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அம்மா வாசித்துவிட்டா. "பிள்ளைக்கு முழுக்க எழுதாட்டில் நான் போன் எடுப்பன்" என்று நிற்கிறா. ஆகவே எழுதுகிறேன். தில்லைநாதன் விநியோகத்துக்கு வைத்திருக்கிற அந்த வயது வந்த, நிதானமான மனுசன் நான்தான். சைக்கிளைக் கடைக்குக் கொடுத்தது உண்மை. அதன் முன்பக்கத்தில் ஒரு பெரிய கூடையும், புது பிறேக்கும் புது மணியும் பூட்டி அதை எனக்கே திரும்பத் தந்திருக்கிறார்கள், இரவில் அது கடையில்தான் நிற்கிறது. புகையிரதக் கடவையில் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறேன், அதையும் அம்மா எழுதச் சொன்னா. ஒவ்வொரு வீட்டிலும் கதிரை போடுகிறார்கள், தேத்தண்ணீர் தருகிறார்கள், அதனால் சாமான் எல்லாம் பிந்தித்தான் போகிறது, இதுவரை எவரும் முறைப்பாடு எழுதவில்லை. நேற்று உன் பழைய கணக்கு ரீச்சர் அமராவதி அக்காவைக் கண்டேன். நடமாட்டமில்லை, கட்டிலில்தான் கிடக்கிறா. என்னைக் கண்டதும், "ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டா, இருந்து ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கும் உப்பு வேண்டுமாம். கடைசி வீடு எப்போதும் எங்கள் வீடுதான். நான் படலையில் நின்று மணி அடிப்பேன். அம்மா எட்டிப் பார்த்து, "இருங்கோ தம்பி, தேத்தண்ணி வைக்கிறன். நீர் ஆற்றை மோன்?" என்பா.